ஜப்பானிய அமைச்சர்களும் புதுக்கோட்டைத் திவானும்

 

ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது நமது வழக்கம். வழக்கமாக நாம் நவாபுகளின் காலத்தையோ, நத்ஹர் வலி தர்காவின் பழமையையோ, நமதூர்ப் பெரியவர்களின் கொடைகளையோ பற்றிப் படித்து வந்திருக்கிறோம். இம்முறை ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வாளும் பரம்பரையும் ஆண்ட ஒரு நாடு, சட்டமும் கணக்கும் ஆளும் நாடாக மாறும்போது, அம்மாற்றத்தை நடத்தியவர்கள் யார்? அவர்கள் எதைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கத் தவறினார்கள்?

இக்கேள்விக்கு உலகம் காட்டும் பெரிய உதாரணம் ஜப்பான். நமக்கு மிக அருகில், திருச்சியிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய புதுக்கோட்டையிலும் இதே மாற்றம் சிறிய அளவில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது.

வாளின் காலம்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நமது திருச்சிராப்பள்ளி, தென்னாட்டு அரசுரிமைப் போரின் மையமாக இருந்தது. கர்நாடக நவாப் பதவிக்காக முஹம்மது அலி வாலாஜாவும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டனர். முஹம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயர்; சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர். மலைக்கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1752-இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அங்கே சூழப்பட்டு, தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முற்றுகைக் காலத்தில் திருச்சிக் கோட்டைக்குள் இருந்தோருக்கு உணவுப் பொருள்களும் ஆட்களும் அனுப்பி உதவியவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்த நட்பின் பயனாகவே, சுற்றிலுமிருந்த பாளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்த பின்னும் புதுக்கோட்டை தனி அரசாக நிலைத்தது. வெற்றி பெற்ற முஹம்மது அலி 1795-இல் காலமாகி, நமது நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் அடங்கியிருப்பது வாசகர்கள் அறிந்ததே.

அக்காலத்து ஆட்சி எப்படி நடந்தது? அரசன் தன் படைவீரனுக்கு மாதச் சம்பளம் தரவில்லை; நிலம் தந்தான். புதுக்கோட்டையில் இத்தகைய நிலத்துக்கு அமரம் என்றும், அதைப் பெற்றவருக்கு அமரக்காரர் என்றும் பெயர். அழைத்தபோது ஆயுதத்துடன் வருவது, காவல் புரிவது, அரண்மனைச் சடங்குகளில் நிற்பது ஆகியன அவரது கடமை. அரச குடும்பத்தின் கிளைகளுக்குத் தனித் தனி ஜாகீர்கள் இருந்தன. நிலம், பதவி, மரியாதை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. போர் ஓய்ந்து, ஆங்கிலேயரின் மேலாதிக்கம் உறுதிப்பட்ட பின்பும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. வீரனுக்குச் செய்ய வேலை இல்லை. ஆனால் நிலம் அவன் கையில் இருந்தது.

ஜப்பானில் நடந்தது

இதே நிலையை இன்னும் பெரிய அளவில் ஜப்பானில் காணலாம். 1603 முதல் டோகுகாவா வம்சத்து ஷோகன்கள் அங்கு ஆட்சி செய்தனர். பேரரசர் கியோட்டோவில் பெயரளவில் இருந்தார். நாடு ஏறத்தாழ 260 சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு சிற்றரசனிடமும் சாமுராய் எனப்படும் போர்வீரர் கூட்டம் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும் போர் இல்லாதிருந்தும், அவர்கள் நெல்லாகவும் அரிசியாகவும் பரம்பரை ஊதியம் பெற்று வந்தனர்.

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் ஜப்பானியக் கரையில் வந்து நின்றன. பீரங்கிக்கு முன் வாள் பயனற்றது என்பது அன்று வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டுக் குழப்பத்துக்குப் பின் 1868-இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்து, மெய்ஜி பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்தது. பேரரசர் அப்போது பதின்பருவத்தினர். உண்மையில் ஆட்சியை நடத்தியவர்கள், சத்சுமா, சோஷு முதலிய மேற்குச் சிற்றரசுகளைச் சேர்ந்த சில இளம் சாமுராய்கள். ஓகுபோ தோஷிமிச்சி, சைகோ தகாமோரி, கிடோ தகாயோஷி ஆகிய மூவரும் முதல் வரிசையினர். இத்தோ ஹிரோபூமி, யமகாத்தா அரித்தோமோ போன்றோர் அடுத்த வரிசையினர். பெரும்பாலோர் சாமுராய்களிலும் தாழ்ந்த படியில் பிறந்தவர்கள்.

இவர்கள் செய்த முதல் பெரிய காரியம் வியப்புக்குரியது. 1869-இல் தம் சொந்தச் சிற்றரசர்களையே இணங்கச் செய்து, நிலப் பதிவேடுகளையும் மக்கள் பதிவேடுகளையும் பேரரசரிடம் ஒப்படைக்க வைத்தனர். 1871-இல் சிற்றரசுகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாயின. 1872-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்னும் சட்டம் வந்தது. 1873-இல் எல்லா வகுப்பாருக்கும் கட்டாய இராணுவப் பணி வந்தது. நெல்லாகச் செலுத்திய வரி, நில மதிப்பில் நூற்றுக்கு மூன்று என்ற பண வரியாயிற்று. 1876-இல் வாள் தரிக்கும் உரிமையும் பரம்பரை ஊதியமும் நீங்கின. ஊதியத்துக்கு ஈடாகக் கடன் பத்திரங்கள் தரப்பட்டன.

இதற்கிடையில், 1871 முதல் 1873 வரை இவாகுரா தோமோமியின் தலைமையில் ஓகுபோ, கிடோ, இத்தோ உள்ளிட்டோர் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றி, தொழிற்சாலை, பள்ளி, சட்டமன்றம், சிறைச்சாலை என எல்லாவற்றையும் பார்த்தெழுதித் திரும்பினர். திரும்பும் கப்பல் பயணத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் அவர்கள் தங்கிச் சென்றனர். ஆட்சியைப் பிடித்த சில ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் அமைச்சர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் மாணவர்களாக வெளிநாடு சென்றது உலக வரலாற்றில் அரிதானது.

ஒரு வகுப்பறையின் வலிமை

இந்தத் தலைவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால், சிறிய பள்ளிக்கூடம் ஒன்று கண்ணில் படுகிறது. சோஷு நாட்டின் ஹாகி என்னும் ஊரில் யோஷிதா ஷோயின் என்ற ஆசிரியர் ஒரு சிறு பள்ளியை நடத்தி வந்தார். 1859-இல் ஷோகன் அரசு அவருக்கு மரண தண்டனை அளித்தது. அவர் கற்பித்த காலம் மிகக் குறைவு. ஆயினும் பின்னாளில் பிரதமர்களான இத்தோவும் யமகாத்தாவும் அவரது மாணவர்களே.

நமது மாகாணத்திலும் இதற்கு ஒப்பான வகுப்பறை ஒன்று இருந்தது. 1841-இல் சென்னையில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியில் பாவெல் என்ற ஆங்கிலேய ஆசிரியர் கற்பித்தார். கும்பகோணத்தைச் சேர்ந்த தி. மாதவராவ் அவரது மாணவர். பின்னாளில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களுக்கும் திவானாக இருந்தவர். தஞ்சை மாவட்டத்து அமராவதி என்ற சிற்றூரில் 1828-இல் எளிய குடும்பத்தில் பிறந்த அ. சேஷையா சாஸ்திரியும் அதே ஆசிரியரின் மாணவர். அரசாங்க வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்து, 1878-இல் அவர் புதுக்கோட்டைத் திவானாக வந்து சேர்ந்தார். அதே 1878-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் ஜப்பானில் ஓகுபோ, பழைய சலுகைகளை இழந்த சாமுராய்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்.

புதுக்கோட்டையில் நடந்தது

சேஷையா சாஸ்திரி வந்தபோது சமஸ்தானம் கடனில் மூழ்கியிருந்தது. மன்னர் இராமச்சந்திர தொண்டைமானின் செலவுகள் காரணமாக ஆங்கில அரசு அவரது பட்டத்தையே ஒருமுறை பறித்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சமஸ்தானத்தை மேற்பார்வையிடும் பொலிட்டிகல் ஏஜெண்டாக இருந்தவர் நமது திருச்சிராப்பள்ளி மாவட்டக் கலெக்டர். ஆகவே புதுக்கோட்டையின் முக்கியக் காகிதங்கள் பலவும் அன்று திருச்சிக்கு வந்துதான் சென்றன.

சாஸ்திரி கை வைத்த முதல் இடம் அமானி முறை. விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வதே அமானி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடைமுறையோ வேறு. அரசு ஊழியர் வந்து பார்க்கும்வரை அறுவடை செய்யக்கூடாது. அறுத்த நெல்லைப் பங்கிடும்வரை களத்தில் முத்திரையிட்டுக் காவல் வைக்க வேண்டும். ஊழியர் வரத் தாமதித்தால் மழையில் நனைவதும் முளைப்பதும் குடியானவரின் நெல். காவலுக்கு வந்தவரும் களவாடினார், குடியானவரும் மறைத்தார், அரசுக் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தது குறைந்துகொண்டே போயிற்று. அதிகம் உழைத்தால் அதிகம் பறிபோகும் என்பதால் நிலத்தைத் திருத்தும் ஆர்வமும் குன்றியது. சாஸ்திரி இதை நீக்கி, முந்தைய ஆண்டுகளின் விளைச்சலையும் விலையையும் கணக்கிட்டு, நிலத்துக்குப் பண வரி நிர்ணயித்தார். ஜப்பானில் 1873-இல் நடந்ததும் சாராம்சத்தில் இதுவே.

இரண்டாவதாக, அரச குடும்பக் கிளைகளின் கையிலிருந்த ஜாகீர்களை அரசின் நேரடி நிர்வாகத்தில் கொண்டுவந்தார். மூன்றாவதாக, 1888-இல் இனாம் நிலங்களின் தீர்வை நடைபெற்றது. வேலையற்றுப்போன படைத் தொகுதிகள் கலைக்கப்பட்டன. அமரக்காரர் தம் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். பணிக்காக விடப்பட்டிருந்த நிலம் வரி செலுத்தும் உடைமையாக மாறியது. வாள் பிடித்த குடும்பம் வரி செலுத்தும் குடியாயிற்று.

1886-இல் மன்னர் காலமானபோது அவருக்குப் பின் வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சிறுவர். எனவே 1894 வரை சாஸ்திரியே ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்தார். நகரின் குளங்கள் தூர்வாரப்பட்டன, தெருக்கள் நேராக்கப்பட்டன, அலுவலகங்களுக்குக் கட்டடங்கள் எழுந்தன. 1880-இல் அங்கிருந்த பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. அதுவே மன்னர் கல்லூரி. இன்று புதுக்கோட்டை நகரின் அகன்ற, ஒன்றையொன்று நேராக வெட்டும் வீதிகளில் நடப்போர் சாஸ்திரியின் கைவண்ணத்தின் மீதே நடக்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

இவ்வளவு ஒற்றுமைகளைச் சொன்ன பின், வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் வரலாறு புகழுரையாகிவிடும்.

ஜப்பானில் சாமுராய்களின் சலுகையைப் பறித்தவர்கள் சாமுராய்களே. தம் தந்தையர் பெற்ற ஊதியத்தை, தம் உடன்பிறந்தார் நம்பியிருந்த ஊதியத்தை அவர்கள் நிறுத்தினர். அதன் வலி எளிதானதன்று. 1877-இல் சைகோ தகாமோரியே அதிருப்தியுற்ற சாமுராய்களின் தலைவராகித் தாம் உருவாக்கிய அரசை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அவரை எதிர்த்து அரசை நடத்திய ஓகுபோ அவரது இளமைக்கால நண்பர்; இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். எனினும், சொந்த இழப்பை ஏற்றுச் செய்த மாற்றம் என்பதால் அதற்கு நாட்டில் வேர் பிடித்தது. நேற்றுவரை வாள் ஏந்தியவர்களில் பலர் ஆசிரியராக, காவலராக, எழுத்தராக, வணிகராக மாறினர்.

புதுக்கோட்டையில் மாற்றத்தைச் செய்தவர் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வந்த திறமையான அதிகாரி. அவர் நீக்கியது பிறரது சலுகையை. அவருக்குப் பின்னால் நின்றது உள்ளூர் மக்களின் விருப்பம் அல்ல. ஆங்கில மேலாதிக்கத்தின் அதிகாரம். அரசரின் செலவைக் குறைக்க முடிந்ததே தவிர, அரண்மனை என்ற அமைப்பைத் தொட முடியவில்லை. தொழில் வளர்ச்சிக்கும் வெளி வணிகத்துக்கும் சொந்தக் கொள்கை வகுக்கும் சுதந்திரம் சமஸ்தானத்துக்கு இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரயில் பாதையே 1929-இல்தான் வந்தது.

இரு இடங்களுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. மக்களுக்கு நன்மை செய்ய நினைத்தவர்கள் மக்களைக் கேட்கவில்லை. ஜப்பானில் பண வரியின் சுமையால் 1876-இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பின்னரே, அடுத்த ஆண்டு வரி இரண்டரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1889-இல் வந்த அரசியல் சட்டமும் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே வாக்குரிமை தந்தது. புதுக்கோட்டையிலும் பண வரி இருமுனைக் கத்தியாகவே இருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அமானிப் பங்கு தானே குறையும்; பண வரி தானாகக் குறையாது. இதைச் சொல்லி முறையிட அன்று மன்றம் ஏதும் இல்லை. அண்டை மைசூரில் திவான் ரங்காசார்லு 1881-லேயே பிரதிநிதிகள் சபையைக் கூட்டியிருந்தார். புதுக்கோட்டையில் அத்தகைய சபை 1902-இல்தான் அமைந்தது. 1924-இல் சட்ட சபை வந்தது.

கல்லூரி கொடுத்த விடை

ஆனால் சாஸ்திரியின் பணிகளில் ஒன்று அவரது எண்ணத்தையும் கடந்து வளர்ந்தது. அதுவே கல்லூரி. சமஸ்தானத்துக்கு நல்ல எழுத்தர்களும் அதிகாரிகளும் வேண்டும் என்பதே அக்காலத்தில் இத்தகைய கல்லூரிகளின் முதல் நோக்கம். அங்கிருந்து வந்தவர்களோ கேள்வி கேட்பவர்களாகவும் இருந்தனர்.

திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தி அங்கு பயின்று, விடுதலை இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளரானார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அக்கல்லூரியில் சேர விரும்பியபோது, பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. இளம் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்தார். அவர் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவராகி, 1927-இல் சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். பரம்பரை விதித்த இடத்தில் பெண் நிற்க வேண்டும் என்பதை ஏற்காத அவரது குரல், திவான்களின் ஆணைகள் தொடாத இடங்களையும் தொட்டது.

நமது திருச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கான் பகதூர் பி. கலீபுல்லா சாகிபையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1937-இல் சென்னை மாகாணத்தின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். கட்டாய இந்தியை எதிர்த்து, தமக்குத் தாய்மொழி தமிழே என்று சட்டமன்றத்தில் பெருமிதத்துடன் எடுத்துரைத்தவர். சமஸ்தானத்தின் இறுதிக் காலத்தில் அதன் திவானாகப் பணியாற்றியவரும் அவரே. 1948 மார்ச் மாதத்தில் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்து நமது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974-இல் தனி மாவட்டமாயிற்று.

நமக்குரிய பாடம்

நவாபின் ஆட்சியதிகாரத்தை 1801-இல் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றிக் காலமானதும் பட்டமும் நீக்கப்பட்டது. அரண்மனையை நம்பியிருந்த குதிரை வீரர்களும், பாரசீகத்தில் கணக்கெழுதிய முன்ஷிகளும், மானியம் பெற்ற குடும்பங்களும் அமரக்காரரைப் போலவே நடுவழியில் நின்றனர். அமரக்காரர் கையில் நிலமாவது எஞ்சியது. இவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. வாளுக்கும் பாரசீகத்துக்கும் பதிலாக ஆங்கிலப் படிப்பும் அரசுத் தேர்வும் வாசலில் நின்றபோது, அதற்குள் நுழைய நமது முன்னோரில் பெரும்பாலோர் தயங்கினர். தூய வளனார் கல்லூரி நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தது 1883-இல். ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய வள்ளல்களின் முயற்சியால் நமது ஜமால் முகமது கல்லூரி எழுந்தது 1951-இல். இடையில் 68 ஆண்டுகள். அந்த இடைவெளியின் விலையை எத்தனை தலைமுறைகள் கொடுத்தன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பெரியவர்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம்.

மேலே கண்ட வரலாறு இரண்டு செய்திகளை நம் முன் வைக்கிறது. முதலாவது, ஒரு கூட்டத்தின் தலைமையில் இருப்போர் தமக்கும் தம் உறவினருக்கும் உள்ள சலுகையை முதலில் விட்டால்தான், பிறரிடம் மாற்றத்தைக் கேட்கும் தகுதி பெறுகிறார்கள். ஓகுபோவைக் கொன்றவர்களும் மறுக்க முடியாத உண்மை இது. இரண்டாவது, எவ்வளவு நேர்மையான தலைவரும் கணக்கை மேலிடத்துக்கு மட்டும் ஒப்படைத்தால் போதாது. சேஷையா சாஸ்திரி தம் நிர்வாக அறிக்கையை ஒழுங்காகத் தயாரித்தவர். ஆனால் அது அரண்மனைக்கும், திருச்சிக் கலெக்டருக்கும், சென்னைக் கோட்டைக்கும் போயிற்று. களத்தில் நெல்லுடன் நின்ற குடியானவருக்கு அதில் ஒரு வரியும் வாசித்துக் காட்டப்படவில்லை.

இம்மலரின் பின்பக்கங்களில் நமது ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவு அச்சாகியிருக்கிறது. பொதுவாக நாம் அப்பக்கங்களைப் புரட்டிவிட்டு, புகைப்படங்களைப் பார்த்து மலரை மூடிவைக்கிறோம். இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், குறிப்பாகக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் ஒருவர், அவற்றை வரி விடாமல் படிக்க வேண்டும். ஐயம் இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டும். பொறுப்பில் இருப்போர் அதைக் குறையாக எண்ணாமல் விடை கூற வேண்டும். அமைச்சர்களும் திவான்களும் தம் மக்களுக்குக் கொடுக்கத் தவறிய உரிமை அது. நமக்கோ அது கேட்காமலே அச்சில் கிடைத்திருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் பொறுப்புகளை அமானிதமாகப் பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.